பாட்டில் வருகிற ஆள்

என் மனைவியின் பாட்டை நான் முதன்முதலில் கேட்டது எங்கள் வீட்டில் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கிற டீக்கடையில், முத்திரைத்தாள் விற்கிறவரின் செல்போனில் கேட்டேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "சார், வீட்டம்மா பாட்டு எல்லார் போன்லயும் வந்துகினு இருக்குது. நீங்க இன்னா ஒண்ணுமே சொல்லல?" என்றார். நான் தெரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். அவர் போனை என் காதோரம் நீட்டினார்.

அவள் பாட்டுப் பதிவு செய்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ரயிலேறிப் போனாள். அவளோடு காலேஜில் படித்த ஒருத்தி ஒரு சின்ன அறையில் மைக் வைத்துப் பதிவு செய்து கொடுக்கிறாள் என்றும் சொல்லியிருந்தாள். அவள் அதைச் சொல்லத் தொடங்கியபோது நான் ஒரு வில்லங்கச் சான்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். "ஆங், நல்லது, செய்" என்று பாதியிலேயே முடித்துவைத்தேன். அவள் நர்சரி பள்ளியில் டீச்சர். பிள்ளைகளுக்கு யானை வந்தது, பானை வந்தது என்று பாட்டுக் கட்டுகிறவள். ஆல்பமும் அதுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

டீக்கடையில் யானையும் வரவில்லை, பானையும் வரவில்லை. கிட்டார் மெதுவாகத் தொடங்கியது. பின்னால் யாரோ விரலால் பறையைத் தொட்டுத் தொட்டு எடுப்பதுபோல ஒரு சத்தம். பிறகு இவள் குரல். சினிமாப் பாட்டுபோல உசத்திப் பாடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தனிடம் பேசுவதுபோலப் பாடினாள்.

"முன்னால போறவனே, திருப்பத்துல நின்னு பாரு,
மூச்சு வாங்குது எனக்கு, முகம் பாத்தா போயிடும்."

பாட்டு நன்றாக இருந்தது, அதுதான் வினை. கேவலமாக இருந்திருந்தால் நான் பெருமைப்பட்டிருப்பேன். நாலு பேரிடம், "என்னமோ பாடியிருக்கா, கேளுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். முத்திரைத்தாள்காரர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். டீ மாஸ்டர் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் நின்றார். "யாரு சார் அந்த முன்னால போறவன், நீங்களா?" என்று முத்திரைத்தாள்காரர் கண்ணைத் திறந்து கேட்டார். "பின்னே வேற யாரு?" என்றேன். சொல்லும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு ஆல்பம் முழுவதையும் கேட்டேன். 'நின்னு வா' என்று பெயர் வைத்திருந்தாள். எல்லாம் காதல் பாட்டு. எல்லாப் பாட்டிலும் ஒரே ஆள். டீக்கடையில் கேட்டது மலைப்படி ஏறுகிற பாட்டு. ஒன்றில் அவன் ரயிலில் ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுவிட்டு நின்றுகொண்டே வருகிறான். "மணவூரு தாண்டிடுச்சு, இன்னும் கால் வலிக்கலையா?" என்று அவள் கேட்கிறாள். இன்னொன்றில் மாம்பழத்தை அறுத்துக் கதுப்பை அவளுக்குக் கொடுத்துவிட்டுக் கொட்டையைத் தான் சப்புகிறான். கடைசிப் பாட்டுதான் என்னைக் கொன்றது.

"நான் சொல்லி முடிக்கற மட்டும் நீ வாயத் தெறக்கல,
அதுக்காகத்தான் நான் சொல்லி முடிக்கல."

நான் பத்திரம் எழுதுகிறவன். என் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு மனையை வாங்கினாலும் விற்றாலும் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவோம். கிழக்கே இன்னார் வீடு, மேற்கே தெரு, வடக்கே வாய்க்கால், தெற்கே இன்னார் காலிமனை. அந்த நான்கையும் சரியாக எழுதிவிட்டால் கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த இடத்தில் போய் நிற்கலாம். இருபது வருஷமாக இதையே எழுதி எழுதி எனக்கு மனுஷர்களைக்கூட எல்லை கட்டித்தான் பார்க்க வரும். அவள் பாட்டுகளையும் அப்படித்தான் பார்த்தேன். மலைப்படியில் திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்க்கிறவன். ஜன்னலை விட்டுக்கொடுக்கிறவன். கொட்டையைத் தான் எடுத்துக்கொள்கிறவன். குறுக்கே பேசாதவன். நான்கெல்லையும் சுத்தமாக இருந்தது. இனி ஆளைக் கண்டுபிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

முதலில் என்னையே வைத்துப் பார்த்தேன். மலைக்குப் போனால் நான் கிடுகிடுவென்று ஏறி மேலே போய் உட்கார்ந்துவிடுவேன், அவள் பிறகு வந்து சேருவாள். ரயிலில் ஜன்னலோரம் எனக்கு, ஏறியதும் தூங்கிவிடுவேன். மாம்பழத்தில் கதுப்பு எனக்கு. அவளுக்குக் கொட்டைதான் பிடிக்கும் என்று நானாகவே ஒரு முடிவில் இருந்தேன். குறுக்கே பேசுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நாலு பக்கத்திலும் நான் இல்லை.

அப்படியென்றால் எவன்? வயிறு எரிந்தது. பொறாமை என்பது மனசில் வருகிற சமாச்சாரம் என்று எழுதுகிறவர்கள் எழுதுவார்கள். எனக்கு அது நிஜமாகவே வயிற்றில்தான் வந்தது. அன்று ராத்திரி சாப்பாட்டில் காரம் அதிகம் என்று அவளிடம் கத்தினேன்.

"யாரு அது?" என்றேன்.

"எது?"

"பாட்டுல வர்றவன்."

"பாட்டுல வர்றவன்தான்" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள். பிறகு அவளே, "வர்ற ஞாயித்துக்கிழமை எங்க ஸ்கூல் ஹால்ல பாடப்போறேன். அதுக்கு முன்னால விடிகாலையில மலைக்குப் போயி சாமி முன்னால ஒரு பாட்டு பாடிட்டு வரணும். நீங்களும் வர்றீங்களா?" என்றாள். எங்கள் ஊரில் கடை திறந்தாலும் கல்யாணம் வைத்தாலும் முதல் தேங்காய் தணிகை மலைக்குத்தான். எவனைப் பற்றிப் பாடினாயோ அவனையே கூட்டிக்கொண்டு போயேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் அவள் பின்னால் வேட்டி கட்டிக்கொண்டு மலை ஏறி, ஹாலில் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிற முட்டாள் நானில்லை.

ஆள் யார் என்பதில் எனக்கு ரொம்ப யோசனையும் இல்லை. அவள் நகரிப் பக்கத்துப் பெண். அங்கே அவளுக்கு மாமன் மகன் ஒருவர் உண்டு. அவர் மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். மாம்பழப் பாட்டு ஒன்று போதாதா? அவரை அவள் தெலுங்கில் 'பாவா', அதாவது அத்தான், என்று கூப்பிடுவாள். என்னை இத்தனை வருஷத்தில் 'என்னாங்க'வைத் தாண்டி ஒன்றும் கூப்பிட்டதில்லை.

அவளைக் கட்டிக்கொள்ள அவருக்குத்தான் உரிமை இருந்தது. மாமன் மகன் இருக்கும்போது பெண்ணை வெளியே கொடுத்தால், கல்யாணத்தன்று அவரை மேடைக்குக் கூப்பிட்டு, வேட்டி துண்டோடு வெற்றிலை பாக்குத் தட்டைக் கையில் கொடுத்து, "சம்மதமா?" என்று சபையில் கேட்பார்கள். எங்கள் கல்யாணத்திலும் கேட்டார்கள். அவர் தட்டை வாங்கிக்கொண்டு, "சம்மதந்தான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. என் கணக்கில் அது உரிமையை விட்டுக்கொடுக்கிற ஒரு விடுதலைப் பத்திரம். ஆனால் வாயால் கொடுத்தது. பதிவாகாத பத்திரத்துக்கு என்ன செல்லுபடி என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? உரிமை அங்கேயேதான் இருக்கிறது என்று என் தொழில்புத்தி சொன்னது.

வெள்ளிக்கிழமை திருப்பதி பஸ் ஏறி நகரியில் இறங்கினேன். ஊறுகாய்க்கு மாங்காய் வேண்டும் என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். மண்டியில் மாங்காய்க் குவியல்களுக்கு நடுவில் அவர் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். முகத்தில் சவரமில்லை. சட்டை கசங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நானே உன்கிட்ட வரணும்னு இருந்தேன். நீயே வந்துட்ட" என்றார். முறைப்படி அவர் எனக்கு அண்ணன்.

"என்னா அண்ணே, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு இன்னா. வீட்லதான் சோறு இல்ல. இந்த வாரம் பூரா ஓட்டல் இட்லிதான் தின்னுகினு கெடக்கறேன்."

பேச்சினூடே ஒரு பழத்தை எடுத்து அறுத்தார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கதுப்பையும் தானே வழித்துத் தின்றுவிட்டு, கொட்டையைத் துடைத்து என்னிடம் நீட்டினார். ஒரு எல்லை அடிபட்டுப் போயிற்று.

விஷயம் இதுதான். ஆல்பம் அவர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் மனைவி எல்லாப் பாட்டையும் கேட்டுவிட்டு, போனை அவர் முன்னால் வைத்து, "முன்னால போறவன் யாரு? மாம்பழம் குடுத்தவன் யாரு?" என்று கேட்டிருக்கிறார். இவர் தெரியாது என்றிருக்கிறார். அன்றிலிருந்து அடுப்பு அவருக்கு மட்டும் எரியவில்லை.

"எங்க வீட்டுக்காரி நான்தான்னு முடிவே பண்ணிட்டா தம்பி. அது நீதான? கட்டினவனைத் தவிர வேற யாரைப் பாடுவா? நீ வந்து ஒரு வார்த்தை சொல்லிடு. நீ சொன்னா நம்புவா."

நான் அவரைக் கேட்க வந்தவன். அவர் என்னைக் கேட்கிறார். இல்லை என்று சொன்னால் என் பெண்டாட்டி எவனையோ பாடியிருக்கிறாள் என்று நானே தண்டோரா போட்டதாகிவிடும். ஆமாம் என்றால் பொய். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் நான்தான், வேறு யாரையும் சொல்லிப் பயனில்லை. "வாங்க அண்ணே, சொல்றேன்" என்றேன்.

அவர் மனைவி வாசலில் அரிவாள்மணை போட்டு ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கொட்டையோடு சேர்த்து ஒரே வெட்டு. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அண்ணன் மண்டியிலேயே படுத்துக் கிடந்ததற்குக் காரணம் எனக்கு விளங்கியது. அவர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"அண்ணி, அந்தப் பாட்டுல வர்ற ஆளு நான்தான்" என்றேன்.

அவர் நறுக்குவதை நிறுத்தவில்லை. "மலைக்குப் போனா திரும்பித் திரும்பிப் பாப்பீங்களா?"

"பாப்பேன் அண்ணி."

"ரயில்ல ஜன்னல் அவளுக்குத்தானா?"

"எப்பவும் அவளுக்குத்தான்."

"கொட்டைய நீங்க தின்னுட்டு..."

"கதுப்பு அவளுக்கு."

"அவ பேசி முடிக்கற வரைக்கும் நீங்க..."

"வாயே தெறக்க மாட்டேன் அண்ணி."

அவர் அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நான் இன்னும் கேட்டு முடிக்கவே இல்லையே தம்பி" என்றார். பின்னால் நின்ற அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"மலைக்கார சாமி மேல சத்தியம் பண்ணுவீங்களா?" என்றார் அண்ணி.

ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அந்த மலையின் மேல் பொய்ச் சத்தியம் செய்கிறவன் கிடையாது. செய்தால் கண் போகும் என்பார்கள். செய்துவிட்டவன் ஒன்று மலைக்குப் போய்ச் சாமி முன்னால் பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சொன்னதை மெய்யாக்கிக் காட்ட வேண்டும். நான் தொழிலில் ஒரு பொய்ச் சாட்சிக் கையெழுத்துக்கூட வாங்கினவன் இல்லை. ஆனாலும் தெற்கே, எங்கள் ஊர் இருக்கும் திசையைப் பார்த்துத் திரும்பி நின்றேன். "அந்த ஆள் நான்தான். தணிகை மலைமேல சத்தியம்" என்றேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. அண்ணி அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அடுப்பு எரிந்தது. எங்கள் இருவருக்கும் இலை போட்டார். அண்ணன் பசியில் வாரி வாரித் தின்றார். அண்ணி மோர் எடுக்க உள்ளே போன சமயம் பார்த்து என் காதோரம் குனிந்தார்.

"நீ நல்ல மனுசன் தம்பி. நெஜத்தைச் சொல்றேன், நான்கூட அந்தப் பாட்டைக் கேட்டுட்டு, ஒருவேளை நம்மளத்தானோன்னு நெனச்சேன். மனசுக்குக் கொஞ்சம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

அவர் அந்த ஆள் இல்லை என்பது தெரிந்துவிட்டது. ஆனாலும் அப்படி நினைத்து இரண்டு நாளாவது சந்தோஷமாக இருந்திருக்கிறார். எனக்கு அந்தச் சந்தோஷம்கூடக் கிடைக்கவில்லை. ஓசியில் கொடுத்த ஊறுகாய் மாங்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம். அவள் கூடத்தில் உட்கார்ந்து கிட்டார் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நகரியிலிருந்து அக்கா போன் பண்ணாங்க" என்றாள்.

நான் சட்டையைக் கழற்றுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

"என்னா சொன்னாங்க?"

"'குடுத்து வச்சவடி நீ, இப்படி ஒரு ஆம்பள யாருக்குக் கிடைப்பான்'னு அழுதாங்க. சாமி மேல சத்தியம் வேற பண்ணீங்களாமே."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கம்பியைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"நெஜத்தைச் சொல்லு. யாரு அது?"

"யாரும் இல்ல."

"யாரும் இல்லாம எப்படி இத்தன..."

"இருங்க. நான் இன்னும் முடிக்கல."

அதே நாளில் இரண்டாவது தடவையாக அந்த வார்த்தையைக் கேட்டேன். வாயை மூடிக்கொண்டேன்.

"பாட்டு எழுத உக்காந்தா ஒரு ஆளு வேணும். எனக்கு வேற யாரைத் தெரியும்? உங்களத்தான் பாத்தேன். நீங்க என்னென்ன பண்ணுவீங்கன்னு எழுத ஆரம்பிச்சேன், ஒரு பாட்டுக்கே வரல. அப்புறம் நீங்க எதெல்லாம் பண்ணலையோ அதை எழுதினேன். ஒரு ஆல்பமே வந்துடுச்சு."

மண்டிக்காரர் என்றால் சண்டை போட்டிருப்பேன். ரயிலில் வருகிற எவனோ என்றால் கண்டுபிடித்துச் சட்டையைப் பிடித்திருப்பேன். நான் செய்யாததை எல்லாம் சேர்த்து உருட்டி ஒருத்தனை நிற்கவைத்து, அவனோடு அவள் இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். அவனை நான் எங்கே போய்ப் பிடிப்பது? நாலு பக்கமும் எல்லை எழுதிவைத்திருந்தாள். நடுவில் இருந்தது என் காலிமனை.

"ஞாயித்துக்கிழமை நான் தனியாவே போயிட்டு வரேன்" என்றாள். "உங்களுக்கு இஷ்டமில்லன்னு தெரியுது."

"சத்தியம் பண்ணவன் நானு. நான் போகாம?" என்றேன். அவள் கிட்டாரை உறையில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் படி ஏறினோம். சாமி முன்னால் பொய் என்று ஒப்புக்கொள்வதா, மெய்யாக்குவதா என்று நான் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. கிட்டாரை நான் எடுத்துவருகிறேன் என்றேன், அவள் கொடுக்கவில்லை. பழக்கதோஷம், கொஞ்ச தூரத்திலேயே நான் முன்னால் போய்விட்டேன். மொட்டை அடிக்கப் போகிற ஒரு குடும்பம் என்னைத் தாண்டிப் போயிற்று. படி திரும்புகிற இடம் வந்தபோதுதான் ஞாபகம் வந்தது. நின்றேன். திரும்பிப் பார்த்தேன்.

அவள் ரொம்பக் கீழே இருந்தாள். ஒரு கையைச் சுவரில் ஊன்றி, இன்னொரு கையை இடுப்பில் வைத்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். கிட்டார் பை தோளை ஒரு பக்கமாக இழுத்திருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தப் படியில் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறோம். அவள் அந்த இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பாட்டில் வருகிறவனுக்கு அது முன்னாலேயே தெரிந்திருக்கிறது. அவனை நினைத்தபோது மறுபடியும் வயிறு எரிந்தது.

அவள் தலையை நிமிர்த்தினாள். நான் நிற்பதைப் பார்த்ததும் சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"இன்னா பாக்கறீங்க? நீங்க போங்க, நான் வந்துக்கறேன்" என்றாள்.

அவன் என்றால் இதற்கு என்ன சொல்லியிருப்பான் என்று யோசித்துப் பார்த்தேன். அவள் பாட்டில் அவன் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. நானும் பேசவில்லை. அவள் வந்து சேருகிற வரைக்கும் அந்தத் திருப்பத்திலேயே நின்றேன்.